நச்சின் பெயர் என்ன? ‘டீடாக்ஸ்’ பொருள்கள் பதில் சொல்லாத கேள்வி

உடம்பிலுள்ள நச்சை நீக்கும் ‘டீடாக்ஸ்’ சிகிச்சை என்று சொல்லி, பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஒரு கரண்டி உப்பைக் கரைத்து, அதில் இரண்டு கால்களையும் வைக்கச் சொல்கிறார்கள். தொட்டிக்குள் உலோகச் சுருள் பொருத்திய சிறு கருவி ஒன்று கிடக்கும். மின்னிணைப்பு கொடுத்துச் சற்று நேரத்தில் தெளிந்த நீர் மஞ்சளாகிறது, பிறகு துருநிறம் ஏறுகிறது, அரைமணி நேரம் முடியும்போது சாக்கடை நீரைப் போலக் கலங்கி, மேலே நுரையும் செதிலுமாக மிதக்கிறது. பக்கத்தில் மாட்டியிருக்கும் வண்ண அட்டையைக் காட்டி, பழுப்பு நிறம் கல்லீரலிலிருந்து இறங்கிய நச்சு, கரும்பச்சை பித்தப்பையிலிருந்து இறங்கியது என்று விளக்கம் தருகிறார்கள். தன் காலடியில் நீர் அழுக்காவதைத் தன் கண்ணாலேயே பார்த்த ஒருவர் அதை நம்பாமல் இருப்பதுதான் கடினம்.

அதே தொட்டியில் யாரும் கால் வைக்காமல் கருவியை மட்டும் இயக்கினாலும் நீர் இதே நிறத்துக்குத்தான் வருகிறது. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது கருவியிலுள்ள இரும்பு கரைந்து துருவாகப் பிரிகிறது. கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பியை ஆண்டுக்கணக்கில் அரிக்கும் துரு, இங்கே மின்சாரத்தின் துணையோடு அரைமணி நேரத்தில் உண்டாகிறது. கனடாவிலுள்ள ஓர் இயற்கை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களே இத்தகைய கருவியொன்றைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் வைத்த நீரையும் வைக்காத நீரையும் ஒப்பிட்டபோது, கால் வழியாக நச்சு உலோகங்கள் இறங்கியதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. இந்த மருத்துவ முறையின்பால் பகைமை இல்லாதவர்கள் எட்டிய முடிவு என்பதால் இதற்குக் கூடுதல் எடை உண்டு என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மிக எளியது: வெளியேறிய நச்சின் பெயர் என்ன? அது என் உடம்பில் முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது? 2009-இல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபௌட் சயன்ஸ்’ என்னும் அமைப்பைச் சேர்ந்த இளம் அறிவியலாளர்கள், டீடாக்ஸ் என்று பெயரிட்டு விற்கப்பட்ட பதினைந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை விற்றவர்களிடமே ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டார்கள். பாட்டில் குடிநீர் முதல் முகத்தில் பூசும் களிம்பு வரை அந்தப் பட்டியலில் இருந்தன. எந்த இரண்டு நிறுவனங்களும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருளைச் சொல்லவில்லை. எந்த நச்சு என்று கேட்டதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. நச்சு நீக்க உணவுமுறைகளைப் பற்றி 2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட மதிப்பாய்வும், பங்கேற்பவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறையான ஆய்வு ஒன்றுகூட இவற்றுக்கு நடத்தப்படவில்லை என்று பதிவு செய்தது.

மருத்துவமனையில் நச்சு நீக்கம் என்ற சொல்லுக்கு வேறு முகம் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நச்சுக்குப் பெயர் இருந்தது: மெத்தனால். ஆனால் உண்மையில் கண்ணையும் உயிரையும் பறித்தது மெத்தனால் அல்ல, அதைக் கல்லீரல் மாற்றி உருவாக்கிய பொருள். சாதாரண மதுவைச் சிதைக்கும் அதே நொதிதான் மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அது அடுத்த படியில் ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்கி, இரத்தத்தை அமிலமாக்கி, மூச்சைத் திணறச் செய்கிறது. ஆகவே இதற்கான முறிமருந்து கல்லீரலின் வேலையை விரைவுபடுத்துவதில்லை, தடுத்து நிறுத்துகிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்தையோ, அது கிடைக்காத இடத்தில் அளந்து கொடுக்கும் எத்தனாலையோ செலுத்தி அந்த நொதியை வேறு வேலையில் கட்டிப்போட்டுவிட்டு, டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை மாறாத நிலையிலேயே இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். “கல்லீரலைத் தூண்டி நச்சை எரிக்கும்” என்று புட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தை இந்த ஒரு நிகழ்வோடு வைத்துப் பார்த்தாலே, அப்படித் தூண்டுவது எப்போதும் நன்மை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

இந்தத் தவறு பிறப்பது கல்லீரலை நாம் கற்பனை செய்துகொள்ளும் விதத்தில்தான். தேநீர் வடிகட்டியில் தூள் தங்குவதைப் போல அதில் ஆண்டுக்கணக்கான அழுக்கு தேங்கியிருக்கிறது, அவ்வப்போது அதைக் கழுவ வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். கல்லீரல் வடிகட்டி அல்ல, பட்டறை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பின் வழியாக நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் இரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. நாம் விழுங்கியது உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் போவதற்கு முன்னால் முதலில் இந்தப் பட்டறைக்குள் நுழைந்தாக வேண்டும். அங்கே வேலை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம், வந்த பொருளின் மூலக்கூறில் ஒரு பிடியை உண்டாக்குகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிடியில் குளூக்குரோனிக் அமிலம், சல்ஃபேட், குளூட்டாதயோன் போன்ற ஒன்றைக் கொண்டுவந்து கோத்து, கொழுப்பில் மட்டுமே கரைந்த பொருளை நீரில் கரையக்கூடியதாக மாற்றிவிடுகிறது. நீரில் கரையும் நிலைக்கு வந்தவை சிறுநீர் வழியாகவும், சற்றுப் பெரிய மூலக்கூறுகள் பித்தநீரோடு கலந்து மலத்தின் வழியாகவும் வெளியேறுகின்றன.

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் இந்த இரண்டு கட்டங்களும் தெளிவாகத் தெரிகின்றன. மாத்திரையின் பெரும்பகுதி இரண்டாம் கட்டத்துக்கு நேராகப் போய்ச் சிறுநீரில் கழிந்துவிடுகிறது. சிறு பகுதி மட்டும் முதல் கட்டத்தில் மாட்டி, திசுவைத் தாக்கும் வீரியமுள்ள ஒரு பொருளாகிறது. அதைக் குளூட்டாதயோன் உடனே பிடித்து அடக்குகிறது. மிகையளவு மருந்து உள்ளே போனால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்து, அடக்க ஆளின்றி அந்தப் பொருள் கல்லீரலையே அழிக்கிறது. தொடர்ந்து மது அருந்துபவர்களின் கல்லீரலில் முதல் கட்ட நொதிகளுள் ஒன்று ஏற்கெனவே ‘தூண்டப்பட்ட’ நிலையில் இருப்பதால் அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மருத்துவர்கள் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளூட்டாதயோனை மறுபடி உருவாக்க மூலப்பொருளைத் தருகிறது. நச்சு எது, அது எந்தப் படியில் உருவாகிறது, மருந்து எந்தப் படியில் குறுக்கிடுகிறது என்று ஒவ்வொன்றும் தெரிந்து செய்யும் மருத்துவம் இப்படித்தான் இருக்கிறது.

கல்லீரலில் அழுக்கு தேங்குவதில்லை என்றால், ஸ்கேன் எடுத்த பலருக்கும் சொல்லப்படும் ‘கொழுப்புக் கல்லீரல்’ எது என்று கேட்கலாம். அங்கே தேங்கியிருப்பது நச்சு அல்ல, கொழுப்பு. தேவைக்கு மேல் உண்டதும் குடித்ததும் அந்த வடிவில் சேர்ந்திருக்கின்றன. உடல் எடையில் ஏழு முதல் பத்து விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கல்லீரலின் அழற்சி தணிவது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். மூன்று நாள் சாற்றுப் புட்டியால் அது ஆவதில்லை.

சிறுநீரகத்தின் கணக்கு இதைவிட வியப்பானது. இரண்டு சிறுநீரகங்களிலும் ஒவ்வொன்றுக்கும் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கின்றன. அவை ஒரு நாளில் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையான சர்க்கரை, உப்பு, நீர் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விடுகின்றன. நம் இரத்தத்தின் நீர்ப்பகுதி மூன்று லிட்டர்தான் என்பதால், அது முழுவதும் ஒரே நாளில் ஏறத்தாழ அறுபது முறை வடிக்கப்படுகிறது என்று பொருள். வியர்வைக்கு இந்த வேலையில் பங்கு மிகச் சிறியது. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அது உடம்பைக் குளிர்விக்கவே சுரக்கிறது.

நம் ஊரில் நச்சு நீக்கம் என்ற எண்ணம் கல்லீரலைவிடக் குடலோடுதான் அதிகம் பிணைந்திருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் குடிக்க வேண்டும் என்ற சித்த மருத்துவ மரபும், விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமார்களின் வழக்கமும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அந்த வழக்கத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. செருப்பில்லாமல் வயலிலும் தோப்பிலும் நடந்த பிள்ளைகளின் குடலில் புழு இருந்தது மெய். கைக்கு எட்டிய மருந்தைக் கொண்டு அவர்கள் மெய்யான ஒரு தொல்லையை எதிர்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் புழுக்களுக்கு உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையும் இருக்கிறது. காரணம் தெரிந்து மருந்து மாறிவிட்ட பிறகும், குடல் முழுவதும் நச்சு என்ற அச்சம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே, குடலில் தங்கும் மலம் அழுகி இரத்தத்தில் நஞ்சைக் கலக்கிறது என்று உறுதியாக நம்பினார்கள். லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்குப் போனார். 1922-இல் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர் செய்த எளிய சோதனை இந்தக் கொள்கையின் அடித்தளத்தை ஆட்டியது. மலச்சிக்கலால் வரும் தலைவலியும் சோர்வும், நலமான ஆண்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தபோதும் வந்தன. பஞ்சில் நஞ்சு இல்லை. குடல் விரிவதால் நரம்பு உணரும் சங்கடம்தான் அது. மலம் கழித்தவுடன் கிடைக்கும் நிம்மதியும் இதையே சொல்கிறது. இரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அது அவ்வளவு விரைவாக இறங்கியிருக்காது. பெருங்குடல் சுவரில் கிலோக்கணக்கில் பழைய மலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற விளம்பரமும் இதே வகைதான். குடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை தானே உதிர்ந்து புதிதாக வளர்கிறது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் நாள்தோறும் பார்ப்பது வழவழப்பான இளஞ்சிவப்புச் சுவரைத்தான்.

இணையத்தில் விற்கும் ‘டீடாக்ஸ் டீ’ பொட்டலங்கள் பலவற்றின் பின்புறத்தில் பொடி எழுத்தில் சென்னா என்றிருக்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் அதன் பெயர் நிலாவரை. உலக மருந்தியல் நூல்களில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர் பெற்று, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களிலிருந்து நெடுங்காலமாகக் கப்பலேறும் இலை அது. இரவில் குடித்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அதன் சாரத்தைப் பிரித்து வீரியமாக்க, காலையில் வயிறு போகிறது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுக்க அது நல்ல மருந்துதான். ஆனால் உணவிலுள்ள சத்து பெருங்குடலை எட்டும் முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுவதால், எடைக் கருவியில் குறைந்து தெரிவது நீர்தான், கொழுப்பு அல்ல. வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கி, தசை தளர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். அந்த இலையை மலமிளக்கி என்று பெயர் சொல்லி விற்றால் வாங்குபவர் அளவோடு எடுத்துக்கொள்வார். தேநீர் என்று விற்பதால்தான் எச்சரிக்கை மறைந்துபோகிறது.

கண்ணுக்கு முன்னால் ‘சான்று’ காட்டும் இன்னொரு முறை கல்லீரல் கழுவல். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மிகுதியாகக் குடித்த பிறகு மலத்தில் பச்சை நிறக் கற்கள் விழும். அவை பித்தப்பைக் கற்கள் என்று சொல்லப்படுகிறது. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த குறிப்பொன்றில், அப்படி விழுந்த கற்களை ஒரு பெண் மருத்துவர்களிடம் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, பித்தநீரின் நிறமியான பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. நாற்பது டிகிரி வெப்பத்தில் வைத்ததும் எண்ணெய் போலப் பச்சையாக உருகிவிட்டன. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் செரிமான நொதியோடும் எலுமிச்சைச் சாற்றிலுள்ள பொட்டாசியத்தோடும் சேர்ந்து சோப்புக் கட்டிகளாகியிருந்தது. அவருடைய மெய்யான பித்தப்பைக் கற்கள் பிறகு அறுவை சிகிச்சையால்தான் அகற்றப்பட்டன.

இத்தனைக்கும் பிறகு, “எனக்கு உடம்பு லேசானது உண்மைதானே” என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. மதுவையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் இரவு நேரச் சாப்பாட்டையும் ஒரு வாரம் நிறுத்திய யாருக்கும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். முதல் சில நாளில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி, கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த நீரும். வழக்கம்போலச் சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பிவிடும். இரண்டாம் நாள் வரும் தலைவலியை “நச்சு வெளியேறும் அறிகுறி” என்கிறார்கள். நாள் முழுக்கக் காபியும் டீயும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும் என்பது நன்கு அறியப்பட்ட காபீன் விலக்கம். உடம்பு நன்றாக இருந்தால் மருந்து வேலை செய்தது, மோசமானால் நச்சு வெளியேறுகிறது என்று இரண்டுக்கும் ஒரே முடிவைச் சொல்லும் எந்த முறையையும் சோதித்துப் பார்க்கவே முடியாது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். மெய்யாகவே கல்லீரல் கெட்டு வாந்தி எடுப்பவர்கூட, நச்சு போகிறது என்று நம்பி இன்னும் ஒரு வேளை குடிப்பார்.

இப்படி நம்பிக் குடித்தவற்றால் உறுப்புகள் கெட்டதும் நடந்திருக்கிறது. கேரளத்தில் இரும்பன் புளி என்று வழங்கும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று நம்பிக் குடித்த பத்துப் பேருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிகங்களால் சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து எடுத்து, கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஆயுஷ் அமைச்சகம் சீந்திலைக் காரணமாகக் கூறுவதை ஏற்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு நாட்டின் பதின்மூன்று மையங்களிலிருந்து திரட்டப்பட்டது, அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதப் பொருள்கள் எழுபதைச் சோதித்தபோது, பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. நச்சுக்கு அஞ்சி வாங்கும் பொருளிலேயே பெயரும் அளவும் தெரிந்த நச்சு இருக்கக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

உடம்பால் எளிதில் வெளியேற்ற முடியாத நச்சுகள் உண்டு என்பதை மறுக்கக் கூடாது. ஈயம் எலும்புக்குள் போய்க் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் அதே போலத் தங்கும். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் கரைந்து கிடக்கும். பட்டினி கிடந்து எடையை வேகமாகக் குறைத்தால் அந்தக் கொழுப்பிலிருந்து அவை இரத்தத்துக்குத்தான் திரும்புகின்றன. இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதைச் சோதித்து உறுதி செய்த பிறகு, உலோகத்தைப் பற்றி இழுக்கும் கொடுக்கிணைப்பு மருந்துகளைக் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். அவை ஈயத்தோடு உடம்புக்கு வேண்டிய உலோகங்களையும் இழுக்கக்கூடியவை. 2005-இல் அமெரிக்காவில், ஆட்டிசத்துக்கு ‘உலோக நச்சு நீக்கம்’ என்று இத்தகைய ஊசி போடப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன், இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான்.

மக்கள் இரத்தத்தில் ஈயம் குறைந்தது எந்தச் சாற்றாலும் அல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது நிறுத்தப்பட்டதால். இந்தியாவில் அது 2000-இல் நடந்தது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே 2016-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அந்த மண்ணிலும் காட்டிலும் கலந்தது பாதரசம் என்று பெயர் சொல்லி, அளந்து காட்டி, பதினைந்து ஆண்டுகள் அவர்கள் போராட வேண்டியிருந்தது. பெயரில்லாத நச்சுக்குப் பயந்து புட்டி வாங்கும்போது, பெயருள்ள நச்சை யார் விட்டார்கள் என்ற கேள்வி நம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. சட்டத்தின் பிடியும் அதே இடத்தில்தான் தளர்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரச் சட்டம் குறிப்பிட்ட நோய்களின் பட்டியலைத் தந்து, அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. எந்த நோயையும் பெயர் சொல்லாமல் “உடலைத் தூய்மையாக்கும்” என்று மட்டும் எழுதுபவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுகொள்கிறார்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் பிரிவுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க, கையில் குத்திய இரண்டு ஊசிகளின் வழியாக இரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த நீர்மம் ஓடுகிறது. ஓர் அமர்வுக்கு அது 120 லிட்டர். அவ்வளவு செய்தும் நல்ல சிறுநீரகத்தின் வேலையில் சிறு பங்குதான் நிறைவேறுகிறது. பழச்சாறும் இளநீரும் உடம்பைச் சுத்தமாக்கும் என்று உறவினர் வாங்கி வந்தால், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று சொல்லிச் செவிலியர் அதைத் திருப்பி அனுப்புகிறார். படுத்திருப்பவரின் கோப்பில், சிகிச்சைக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன.